ஆறே முக்கால் கிலோ உப்பு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு முதல் செய்தி அவருடையதுதான். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வைத்தியம். போன மாதம் வந்தது இது: அணுக்கதிரைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். கவசம் உங்கள் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. உப்பு, கடல்பாசி, பால், வாழைப்பழம், முழுத்தானியம் இவற்றில் உள்ள தாதுக்கள் கதிர்வீச்சை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். ஜப்பான்காரர்கள் இதைத்தான் சாப்பிடுகிறார்கள். பத்துப் பேருக்கு அனுப்பவும்.

நானும் அனுப்பியிருப்பேன். ஆனால் பெரியப்பா பொருளைச் சொன்னாரே தவிர அளவைச் சொல்லவில்லை. ‘உப்பு தேவையான அளவு’ என்பது ரசத்துக்குச் சரி, அணு உலை வெடித்த அன்றைக்குச் சரிப்படுமா? பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிடைத்த செய்முறையைக் கீழே தருகிறேன். வேண்டுமானால் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள், ஒரு நபருக்கு: அயோடின் கலந்த தூள் உப்பு ஆறே முக்கால் கிலோ. வாழைப்பழம் ஆசைக்கு ஒன்று. பொட்டாஷ் உரம் மூட்டைக் கணக்கில். கட்டக்கோரைப் பாசி கொஞ்சம். ஓவியர்கள் பூசும் நீலச் சாயம். மாங்கனீசு, ஒரு பாக்டீரியாவுக்குப் போதுமான அளவு. பால் வேண்டாம். கடைசியாக, பஸ்ஸில் இடம் பிடிக்க ஒரு துண்டு.

உப்பிலிருந்து தொடங்குவோம். அணு உலை விபத்தில் காற்றில் பறந்து வருகிறவற்றில் முதல் வில்லன் அயோடின்-131. அதற்கு எதிராக உலகம் முழுக்கக் கைவசம் வைத்திருப்பது பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம். அதில் அயோடின் மட்டும் 100 மில்லிகிராம். நாம் கடையில் வாங்கும் அயோடின் உப்பில், கைக்கு வந்து சேரும்போது, கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. நூறைப் பதினைந்தால் வகுங்கள். ஆறு கிலோவும் 667 கிராமும் வரும். சில்லறை எதற்கு என்று ஆறே முக்காலாக வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி கடைக்குப் போய், “ஒரு கிலோ உப்பு ஏழு பாக்கெட் குடுங்க அண்ணாச்சி” என்றேன். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் நூலைப் பல்லில் கடித்தபடியே நிமிர்ந்தார். “என்ன சார், வீட்ல கருவாடு போடுதீயளா?”

“அணுக்கதிருக்கு அண்ணாச்சி.”

ஒரு நிமிஷம் யோசித்தார். வியாபாரி அல்லவா. “கல்லுப்பா, தூள் உப்பா?” என்று கேட்டார்.

பெரியப்பாவுக்குத் தோன்றாத கேள்வி இது. அயோடின் சேர்க்காத கல்லுப்பில் அயோடின் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். கடலிலிருந்து வந்ததால் இருக்கும் என்று நினைப்போம், ஆனால் பாத்தியில் உப்பு விளையும்போது அது தங்குவதில்லை. கல்லுப்பை நம்பி இறங்கினால் ஆறே முக்கால் கிலோ போதாது, லாரி வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

இனி செய்முறை. ஆறே முக்கால் கிலோவையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும். பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டால் மாத்திரை செய்யும் வேலை நடக்காது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் இது மூன்று வருஷம் எட்டு மாதத்து உப்பு. முதல் நூறு கிராமைத் தாண்டுவதற்குள்ளேயே ரத்தத்தில் சோடியம் ஏறி மூளை சுருங்கி ஆள் போய்விடலாம். அதன் பிறகு கதிர்வீச்சால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது என்ற அளவில் பெரியப்பாவின் குறிப்பு பலிக்கிறது.

இந்தச் செய்முறையை ஒரு தேசமே செய்து பார்த்தது. 2011 மார்ச் 11இல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து புகுஷிமா அணு உலைகள் நிலைகுலைந்தன. ஒரு வாரத்துக்குள் சீனாவில் உப்புக்கு அடிதடி. அயோடின் உப்பு கதிரைத் தடுக்கும் என்று ஒரு வதந்தி, இனி கடல் உப்பே விஷம் என்று இன்னொரு வதந்தி. உப்பை உடனே தின்னவும் வேண்டும், இனி தின்னவே கூடாது என்று இரண்டும் எதிரெதிராகச் சொன்னாலும் இரண்டும் ஒரே கடை வாசலுக்குத்தான் ஆளைக் கொண்டுவந்தன. அலமாரிகள் காலியாயின, விலை பல மடங்கு ஏறியது, சில ஊர்களில் சோயா சாஸும் தீர்ந்தது. வூஹான் நகரத்தில் ஒருவர் ஆறரை டன் உப்பு வாங்கி வீட்டில் அடுக்கினார் என்று செய்தி வந்தது. என் கணக்குப்படி ஏறத்தாழ ஆயிரம் பேரைக் காப்பாற்றும் அளவு. பிறகு அரசு விளக்கம் சொல்லி வதந்தி அடங்கியது. வாங்கியவர்கள் திருப்பித் தர வரிசையில் நின்றார்கள். பிலிப்பைன்ஸில் இன்னும் சிக்கனம்: கழுத்தில் போவிடோன் அயோடினைத் தடவிக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி பரவியது. புண்ணுக்குப் போடும் மருந்தைத் தோல் வழியாகத் தைராய்டுக்கு அனுப்பும் முயற்சி. வேண்டாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

2023 ஆகஸ்ட் 24இல் புகுஷிமாவின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும் சீனாவில் மறுபடி உப்பு அலமாரி காலி. அந்த நீரில் முக்கியமாக எஞ்சியிருந்தது டிரிட்டியம், அதாவது ஹைட்ரஜனின் ஒரு வடிவம். அதற்கும் அயோடினுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

‘ஜப்பான்காரர்கள் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்’ என்ற வரிக்கு மட்டும் ஒரு மூலம் உண்டு. அங்கே கேலியைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். 1945 ஆகஸ்ட் 9 காலை 11 மணி 2 நிமிடம். நாகசாகியில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் சுமாரில் ஒரு செங்கல் கட்டட மருத்துவமனை. அதன் மருத்துவர் தட்சுயிச்சிரோ அகிசுகி. மருந்துகள் எரிந்துபோயின. மிஞ்சியது கிடங்கிலிருந்த அரிசியும் மிசோ என்கிற சோயா விழுதும் கடல்பாசியும். கைக்குத்தல் அரிசிச் சோற்றை உப்புத் தூக்கலாக உருண்டை பிடித்து, மிசோ சூப்பைக் கெட்டியாக வைத்துச் சாப்பிடுங்கள், சர்க்கரையைத் தொடாதீர்கள் என்று தன் ஊழியர்களுக்கு உத்தரவிட்டார். அவரும் அவர்களும் பிழைத்தார்கள். அந்தச் சாப்பாடுதான் காப்பாற்றியது என்று அவர் கடைசிவரை நம்பினார். 2005 வரை வாழ்ந்தார்.

அன்றைக்கு அந்த இடிபாட்டில் ஒரு மருத்துவர் கைக்கு அகப்பட்டதைக் கொடுத்து ஆட்களை நிமிர்த்தி உட்காரவைத்தாரே, அதுவே பெரிய வைத்தியம். ஆனால் மிசோ சாப்பிடாத இன்னொரு கூட்டம் அதே கட்டடத்தில், அதே சுவருக்குப் பின்னால் இருந்து பார்க்கவில்லை. செங்கல் எவ்வளவு காத்தது, தூரம் எவ்வளவு காத்தது, பசி ஆறியது எவ்வளவு காத்தது என்று பிரிக்க வழியில்லை. நாற்பது வருஷம் கழித்துச் செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஐரோப்பாவில் மிசோ விற்பனை ஏறியது. அகிசுகியின் இடிபாட்டுச் சோறு பாக்கெட்டில் வந்துவிட்டது.

இப்போது துண்டு. இந்தச் செய்முறையில் உருப்படியான முதல் பொருள் அதுதான்.

தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு பறக்கும். படியில் முண்டியடித்து ஏறிப் போய்ப் பார்த்தால் இருக்கை முழுக்கத் துண்டு, கைக்குட்டை, தண்ணீர் பாட்டில். இடம் பிடித்தாயிற்று, அவ்வளவுதான். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அந்த பஸ். அதில் ஏறுகிற பயணி அயோடின் மட்டும். சாது அயோடின் எது, கதிர்வீசும் அயோடின்-131 எது என்று அதற்குத் தெரியாது. வேதியியலில் இரண்டுக்கும் ஒரே முகம். முதலில் வந்தவருக்கு இடம். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கதிரை உறிஞ்சுவதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை. ஜன்னல் வழியே துண்டு போடுகிறது. பஸ் நிறைந்துவிட்டால் வில்லன் படியில் தொங்கிப் பார்த்துவிட்டுச் சிறுநீர் வழியாக வெளியேறுவான். அவன் ஆயுளும் குறைவு, எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வருவான்.

துண்டை எப்போது போட வேண்டும் என்பதில்தான் எல்லாம். கதிரியக்கக் காற்று வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்த இரண்டு மணி நேரத்துக்குள். எட்டு மணி நேரம் வரைகூடப் பலன் கொஞ்சம் உண்டு. ஒரு நாள் கழித்துப் போட்டால் நல்லதைவிடக் கெடுதி அதிகம்: உள்ளே உட்கார்ந்துவிட்ட வில்லனை இறங்கவிடாமல் அடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதல் உரிமை. பிறந்த குழந்தைக்கு 16 மில்லிகிராம் போதும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. பெரியப்பாவுக்கு வயது எழுபத்து மூன்று.

சரியான நேரத்தில் துண்டு போட்ட ஊர் போலந்து. 1986 ஏப்ரல் 26 பின்னிரவில் செர்னோபில் வெடித்தது. சோவியத் ஒன்றியம் மூச்சு விடவில்லை. 28ஆம் தேதி காலை போலந்தின் சொந்தக் கருவிகளே காற்றில் கதிரியக்கத்தைக் காட்டின. மாஸ்கோவிலிருந்து தகவல் வரட்டும் என்று காத்திருக்காமல் மறுநாளே அயோடின் கொடுக்க முடிவெடுத்தார்கள். அத்தனை கோடி மாத்திரை எங்கே இருக்கிறது? மருந்துக்கடைகளிலேயே அயோடைடைக் கரைத்துப் பழுப்பு நிறக் கரைசல் தயாரித்தார்கள். பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றினார்கள். சகிக்காத ருசி. அந்தத் தலைமுறைப் போலந்துக்காரர்களிடம் அந்தக் கரைசலின் பெயரை, ‘லுகோல்’ என்று சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்கள். குழந்தைகள் ஒரு கோடியே ஐந்து லட்சம் பேர், பெரியவர்கள் எழுபது லட்சம் பேர் குடித்தார்கள். மாடுகளைப் பச்சைப் புல்லில் மேயவிடக் கூடாது என்றார்கள், சின்னக் குழந்தைகளுக்குப் பால்பவுடர் கொடுத்தார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பெலாரஸ், உக்ரைன் கிராமங்களில் பாலை வழக்கம்போல் கறந்தார்கள், வழக்கம்போல் குழந்தைகள் குடித்தார்கள். புல்லில் விழுந்த அயோடினை மாடு மேய்கிறது, மடியில் சேர்க்கிறது, டம்ளரில் வருகிறது. அந்தப் பகுதிகளில் பல இடங்களில் மண்ணிலேயே அயோடின் குறைவு, பிள்ளைகளின் தைராய்டு ஏற்கெனவே காலியாகப் பசித்துக் கிடந்தது. அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் 2005க்குள் 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டது. நல்லவேளையாகக் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் அது, பெரும்பாலோர் பிழைத்தார்கள். செர்னோபிலுக்கு இருபத்தொன்பது வருஷம் முன்பே, 1957 அக்டோபரில், இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது ஐந்நூறு சதுர கிலோமீட்டர் பரப்பின் பாலைச் சேகரித்துக் கொட்டினார்கள். பாலைக் கொட்டுவதற்குத் தாதுவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். யாராவது ‘குடிக்காதீர்கள்’ என்று நேரத்துக்குச் சொன்னால் போதும்.

பெரியப்பாவின் பட்டியலில் பால் கால்சியத்துக்காக இருக்கிறது. ஸ்டிரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கால்சியத்தின் முகமூடி போட்டு எலும்புக்குள் போகும், கால்சியம் நிறைய இருந்தால் அதற்கு இடமிருக்காது என்ற நியாயம். பாதி உண்மை. மாடும் கால்சியத்தையே விரும்பி எடுப்பதால் புல்லில் இருந்த விகிதத்தைவிடப் பாலில் ஸ்டிரான்சியம் குறைந்துதான் வருகிறது. ஆனாலும் ஸ்டிரான்சியம் ஊர்வலம் வந்த பல்லக்கே பால்தான். அணுகுண்டுச் சோதனைகள் நடந்த காலத்தில், 1958இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மருத்துவர் லூயிஸ் ரைஸ், விஞ்ஞானி பாரி காமனர் முதலானோர் குழந்தைகளின் பால்பற்களைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம். அங்கே உறையில் போட்டு அனுப்பினார்கள். அனுப்பிய குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பொத்தான் வில்லை பரிசு. மூன்று லட்சம் பற்கள் சேர்ந்தன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளைவிட அறுபதுகளின் தொடக்கத்தில் பிறந்தவர்களின் பல்லில் ஸ்டிரான்சியம் பல மடங்கு. 1963இல் வல்லரசுகள் வானத்தில் குண்டு சோதிப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டதற்கு அந்தப் பற்களும் ஒரு காரணம் என்பார்கள். அதன் பிறகு பற்களில் அளவு இறங்கியது. கால்சியம் மாத்திரை விழுங்கி இறங்கவில்லை.

கடல்பாசியில் பெரியப்பா கிட்டத்தட்டக் கரை சேர்ந்தார், ஆனால் வேறு கரை. நம் வீடுகளில் கடல்பாசி என்றால் ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கையில் தட்டில் ஆடும் பால்கட்டி மாதிரிப் பண்டம். அது மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்து வருகிற அகர். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் மூச்சடக்கி முங்கி எடுப்பது. அதே பெண்கள் கட்டக்கோரை என்று ஒரு பழுப்புப் பாசியும் எடுக்கிறார்கள். அதில்தான் அல்ஜினேட் என்ற பொருள் இருக்கிறது. 1960களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், அல்ஜினேட் குடலில் ஸ்டிரான்சியத்தைப் பிடித்து வைத்து உடம்பில் சேரவிடாமல் குறைக்கிறது என்று கண்டார்கள். ஸ்டிரான்சியம் வயிற்றுக்குள் வருகிற அதே வேளையில் அல்ஜினேட்டும் இருக்க வேண்டும். எலும்புக்குள் குடியேறிவிட்டதைக் கட்டக்கோரை வந்து காலி செய்யாது. நோன்புக் கடல்பாசிக்கு இதில் பங்கே இல்லை, ருசி மட்டும் உண்டு.

வாழைப்பழத்துக்கு வருவோம். இன்னொரு வில்லன் சீசியம்-137 போடுவது பொட்டாசியத்தின் முகமூடி. அப்படியானால் பொட்டாசியம் நிறைந்த வாழைப்பழத்தைத் தின்றால்? துண்டு போடும் தந்திரம் இங்கே செல்லாது. உடம்பில் ஏற்கெனவே நூறு கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. கூடுதலாக வருவதைச் சிறுநீரகம் அன்றே கணக்கு முடித்து வெளியே அனுப்பிவிடும். போதாக்குறைக்கு வாழைப்பழமே லேசாகக் கதிர்வீசும் பண்டம். பொட்டாசியத்தில் கொஞ்சம் பொட்டாசியம்-40 எப்போதும் உண்டு, உங்களுக்குள்ளும்தான். எழுபது கிலோ மனிதரின் உடம்பில் அது நொடிக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் சிதைகிறது. யாரும் அதற்காக மனைவியை விட்டு விலகிப் படுப்பதில்லை.

பொட்டாசியத் தந்திரம் பலித்த இடம் வயிறு அல்ல, வயல். மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் நெற்பயிர் கிடைத்த சீசியத்தை அதென்று நினைத்து உறிஞ்சிவிடும். புகுஷிமா விவசாயிகள் விபத்துக்குப் பிறகு வயலில் பொட்டாஷைக் கொட்டினார்கள். நம் ஊர் உரக்கடையில் சிவப்பாக மூட்டையில் இருக்குமே, அதே பொட்டாஷ். நூறு கிராம் மண்ணில் 25 மில்லிகிராம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அளவும் சொன்னார்கள். அளவு சொன்னார்கள் என்பதைப் பெரியப்பா கவனிக்க வேண்டும். 2012 முதல் அந்த மாகாணத்தில் விளைந்த அரிசியை மூட்டை மூட்டையாக, வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி, கருவியில் ஏற்றிச் சோதித்தார்கள். கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம் என்ற வரம்பைத் தாண்டிய மூட்டை 2015 அறுவடையிலிருந்து ஒன்றுகூட இல்லை. உணவுத் தாது கதிர்வீச்சிலிருந்து மனிதரைக் காத்தது என்று ஒரு கதை சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். இதில் தாதுவைச் சாப்பிட்டது நெல்.

சீசியம் உள்ளே போய்விட்டால் என்ன செய்வது? நீலச் சாயம். இது கேலி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் சிவப்புச் சாயம் காய்ச்சப் போய்த் தவறுதலாகக் கிடைத்தது பிரஷ்யன் நீலம், இரும்பும் சயனைடும் பின்னிய ஒரு கூண்டு. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் வரைந்த பேரலையில் நுரைக்குக் கீழே தெரிகிற நீலம் அதுவே. பயப்படாதீர்கள், சயனைடு இரும்போடு இறுகிக் கிடப்பதால் வெளியே வராது. சீசியம் பித்தநீரோடு குடலுக்கு வந்து மறுபடி ரத்தத்துக்குத் திரும்புகிற வழியில் இந்தக் கூண்டு அதைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் 110 நாளில் பாதியாகிற சீசியம் 30 நாளில் பாதியாகும். மலம் நீலமாகப் போகும்.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை மையத்திலிருந்து இரண்டு பேர் ஒரு கருவியைப் பெயர்த்து எடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம் உப்பு. இருட்டில் நீலமாக மின்னியது. அதிசயம் என்று சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டார்கள், உடம்பில் பூசிக்கொண்டார்கள். நாலு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரை மைதானத்தில் வைத்துச் சோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. 46 பேருக்குப் பிரஷ்யன் நீலம் கொடுத்தார்கள். செர்னோபிலுக்குப் பின் நார்வேயில் கலைமான்களுக்கு நக்குகிற உப்புக்கட்டியிலேயே இதைக் கலந்து வைத்தார்கள். கலைமான் கற்பாசியைத் தின்கிறது, கற்பாசி காற்றில் வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறது. பெரியப்பாவுக்கு ஒரு திருத்தம்: கதிருக்கு எதிராக உப்பை நக்கியே பலன் கண்டவர்கள் உண்டு, ஆனால் அவர்களுக்குக் கொம்பு இருந்தது. ஓவியர் கடை டப்பாவைத் திறந்து விழுங்கிவிடாதீர்கள். மருந்தாகத் தயாரித்ததை மருத்துவர் எடைபோட்டுக் கொடுப்பது வேறு.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்புக்குள் நுழைகிற கதிரியக்கப் பொருளைப் பற்றி. வெளியே எங்கிருந்தோ ஊடுருவி வரும் கதிருக்குத் துண்டும் கிடையாது, கூண்டும் கிடையாது. அது உடம்பிலுள்ள தண்ணீரை உடைத்து, உடைந்த துணுக்குகள் அக்கம்பக்கத்தையெல்லாம் கடித்துக்கொண்டு போகும். அதைத் தடுப்பது ஈயம். உடனே ஈயச்சொம்பு ரசத்துக்குத் தாவாதீர்கள். ரசம் வைப்பது வெள்ளீயத்தில், கதிரைத் தடுப்பது காரீயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அடுப்பில் வைத்தால் ரசமே எமனாகிவிடும்.

உள்ளிருக்கும் தாதுவால் இந்தக் கதிரைத் தாங்குகிற உயிரே இல்லையா என்றால், உண்டு. 1956இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் டின்னில் அடைத்த இறைச்சிக்குக் கதிர் கொடுத்துக் கிருமி நீக்கிப் பார்த்தார். அப்படியும் டின் உப்பிக் கெட்டுப்போனது. உள்ளே செந்நிறமாக ஒரு பாக்டீரியா. டைனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்று பெயர். மனிதரை 5 கிரே அளவு கதிர் கொன்றுவிடும். இது 5,000 கிரேயை வாங்கிக்கொண்டு, மரபணு இழை நூற்றுக்கணக்கான துண்டாகச் சிதறிய பின்னும், சில மணி நேரத்தில் ஒட்டுப்போட்டு எழுந்துவிடுகிறது.

இதன் மரபணுவில்தான் விசேஷம் என்று வெகுகாலம் தேடினார்கள். 2004இல் மைக்கேல் டேலியும் அவர் கூட்டாளிகளும் வேறு இடத்தைக் காட்டினார்கள்: இந்தப் பாக்டீரியாவில் மாங்கனீசு மிகுதி, இரும்பு சொற்பம். எந்தப் பாக்டீரியாவில் இரும்பு மிகுந்து மாங்கனீசு குறைந்ததோ அது சின்ன அளவுக் கதிரிலேயே செத்தது. மாங்கனீசு மரபணுவைக் காப்பதில்லை, புரதங்களைக் காக்கிறது. வீடு இடிந்து விழட்டும், கொத்தனாரும் சித்தாளும் கரண்டியோடு உயிருடன் நின்றால் பொழுது சாய்வதற்குள் சுவர் எழும்பிவிடும். நம் உடம்பில் வீட்டோடு கொத்தனாரும் போய்விடுகிறார்.

ஆகவே மாங்கனீசு சாப்பிடலாமா? முழுத்தானியத்திலும் தேநீரிலும் இருக்கிறது, தேவையானது அதிலேயே வந்துவிடும். கூட்டிச் சாப்பிட்டால் செல்லுக்குள் போய் பாக்டீரியா மாதிரி அடுக்கி உட்காராது, நம் உடம்பு அதற்குக் கட்டிய வீடு அல்ல. மாங்கனீசுத் தூசியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு நடை விறைத்து, கை நடுங்கி, முகம் உறைந்துபோகும் நோய் 1837இலேயே ஸ்காட்லாந்தில் பதிவாகியிருக்கிறது. இரும்பு எதிரி என்று முருங்கைக்கீரையை நிறுத்திவிடவும் வேண்டாம். ரத்தம் சிவப்பாக ஓடுவது இரும்பினால்தான். பாக்டீரியாவுக்கு ரத்தம் கிடையாது, குடும்பக் குழுவும் கிடையாது.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் போட்டேன். பெரியப்பா கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். அடுத்த நாள் நாலரை மணிக்கு வந்தது கைபேசிக் கோபுரக் கதிருக்குக் கறுப்பு எள். அந்தக் கதிருக்கு மூலக்கூறை உடைக்கும் திராணியே கிடையாது, எள்ளுருண்டை சாப்பிட அது ஒரு சாக்கு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கல்பாக்கத்தையோ கூடங்குளத்தையோ சுற்றிப் பதினாறு கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற வாசகர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அணு உலை வளாகத்துக்கு வெளியே அவசர நிலையில் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அயோடின் மாத்திரை உங்கள் ஊருக்கு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, சொல்கிற அன்றைக்கு வீடு தேடித் தருகிறவர் யார், கைக்குழந்தைக்கு எவ்வளவு, பால் வேண்டாம் என்று எந்த வழியாக அறிவிப்பார்கள், இவற்றை அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். வரும் வழியில் உப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒரு கிலோ போதும்.